கீற்றுக் கொட்டகைக்குள் இறங்கிய பறக்கும் தட்டு

சினிமாவைப் பற்றி எழுத ஒரு மதரஸா ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று வாசகப் பெருமக்களுள் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். திரைப்படங்களால் விளைந்த கேடுகளைப் பற்றி நம் இதழ்களில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் உண்மையும் உண்டு. அதை மறுப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை.

எனினும் திரைப்படங்களுள் தனித்ததொரு வகை உண்டு. பாட்டும் சண்டையும் அவற்றிலும் இருக்கும். ஆனால் அவற்றின் அடியில் ஒரு கேள்வி கிடக்கும். வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது? நாளை மனிதன் எப்படி வாழ்வான்? அவன் செய்த கருவி அவனையே ஆள வந்தால் என்ன ஆகும்? இவ்வாறு கேட்கும் படங்களை விஞ்ஞானக் கற்பனைப் படங்கள் என்கிறோம். இவையெல்லாம் அமெரிக்காவின் சரக்கு என்றும், நமக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்றும் பலர் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் சரியன்று. கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்து, அங்கேயே கற்பிக்கும் வாய்ப்பையும் பெற்றவன் என்ற முறையில், எங்கள் மண்ணுக்கும் இந்தக் கற்பனைக்கும் உள்ள உறவைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த உறவு சினிமாவுக்கு முற்பட்டது. கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றவர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று வல்வில் ஓரியின் வள்ளல் தன்மை. மற்றொன்று கொல்லிப்பாவை. சங்க இலக்கியம் பேசும் அப்பாவை, ஆக்கப்பட்ட ஓர் உருவம். அது காண்போரைத் தன் அழகால் மயக்கும் என்றும், சிரித்தே பகைவரை அழிக்கும் என்றும் கதைகள் வளர்ந்தன. அதை வரலாறு என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், செய்யப்பட்ட உருவம் ஒன்று தானே இயங்கும் என்ற கற்பனை, இயந்திர மனிதன் என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எங்கள் மலைமீது உலவியிருக்கிறது என்பது வியப்புக்குரியது அல்லவா?

சேலத்தில் நடமாடிய சடை யானைகள்

நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி முதல் நாளில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை, கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலத்தில், ஏற்காடு மலையின் அடிவாரத்தில், 1935ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இவருடைய நிலையத்திலிருந்துதான் வெளிவந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்துதான் வந்தது. அரபுக் கதை உலகின் குகைக் கதவு ஒருவரின் குரலைக் கேட்டுத் திறந்துகொண்டதை எங்கள் பெரியவர்கள் அப்படத்தில் வாய் பிளந்து பார்த்தார்கள். இன்று கைப்பேசிகள் குரலுக்குத் திறந்துகொள்கின்றன, யாரும் வியப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த படம் அதுவன்று. 1952ஆம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஒரு படம் தயாரித்தது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. வில்லியம் பெர்க் என்பவர் இயக்கினார். ராட் காமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் நடித்தனர். காட்டு விலங்குகள் மிரண்டு ஓடி ஊர்களை அழிக்கின்றன, காரணம் தெரியவில்லை. காரணத்தைத் தேடி ஓர் இளவரசியும் ஒரு வேட்டைக்காரரும் காட்டுக்குள் செல்கிறார்கள். அங்கே அவர்கள் காண்பது, உடலெல்லாம் சடை தொங்கும் மாபெரும் யானைகளை. உலகை விட்டு மறைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்ட மாமத் என்னும் பனியுக யானைகள் அவை!

நம் யானைகளுக்கு நீண்ட மயிரை ஒட்டி வைத்து மாமத் ஆக்கியிருந்தார்கள். பனி மூடிய வட நாடுகளில் வாழ்ந்த விலங்குக்குத் தென்னிந்தியக் காட்டில் என்ன வேலை என்று இன்றைய பள்ளி மாணவன்கூடக் கேட்பான். கேட்கட்டும். இந்தியாவில் எடுக்கப்பட்ட விஞ்ஞானக் கற்பனைப் படங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று சேலத்து நிறுவனத்தின் கைபட்டு உருவானது என்பதே இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

கலை இல்லாத கோள்

அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, 1963 ஏப்ரல் 19 அன்று, 'கலை அரசி' என்ற படம் வெளியாயிற்று. எம்.ஜி. ராமச்சந்திரனும் பி. பானுமதியும் நடித்த இப்படத்தை ஏ. காசிலிங்கம் இயக்கினார். வேற்றுக் கோளில் வாழ்வோர் பூமிக்கு வருவதாகக் காட்டிய முதல் இந்தியப் படங்களுள் ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

கதையைக் கேளுங்கள். வானில் ஒரு கோள். அறிவியலில் அது நம்மை மிஞ்சியது. பறக்கும் தட்டுகளைச் செலுத்தத் தெரிந்த மக்கள் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் இசையும் கலையும் அவர்களிடம் இல்லை. அந்தக் குறையை நீக்க, பூமியிலேயே சிறந்த பாடகியைத் தேடி ஒருவன் பறக்கும் தட்டில் வருகிறான். அந்த வேடத்தில் எம்.என். நம்பியார் நடித்தார். பானுமதி ஏற்ற வாணி என்ற பெண்ணை அவன் தன் கோளுக்குக் கடத்திச் செல்கிறான். அவளை விரும்பிய மோகன் என்னும் வேளாண் இளைஞன் அவளைத் தேடி விண்ணுக்கே போகிறான்.

இப்படம் வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளி சென்ற முதல் பெண் ஆனது 1963 ஜூன் 16. படம் வந்து இரண்டு மாதம் கழித்து. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன. அத்தகைய நாளில், நம் ஊர் விவசாயி ஒருவர் வேற்றுக் கோளுக்குப் போய் வருவதாகக் கதை எழுதத் துணிந்திருக்கிறார்கள்! அறிவியல் மட்டும் வளர்ந்து உள்ளம் வறண்டுபோன உலகம் நிறைவான உலகமாகாது என்ற கருத்தையும் அதில் வைத்திருக்கிறார்கள். கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு, அக்கருத்து பின்னாளில் பலமுறை நினைவுக்கு வந்ததுண்டு.

மணல் தரையில் விண்வெளிப் பயணம்

'கலை அரசி'யை என் அத்தா தம் இளமையில் பார்த்தார். நான் பார்த்தது 1988இல், என் எட்டாம் வயதில். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தபின், அவருடைய பழைய படங்கள் சிற்றூர்க் கொட்டகைகளில் மறுபடி மறுபடி திரையிடப்பட்டன. அப்படித்தான் அந்தப் பறக்கும் தட்டு எங்கள் அடிவாரத்துக் கீற்றுக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது.

டூரிங் டாக்கீஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தென்னிந்தியாவில் அந்த மரபைத் தொடங்கி வைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905ஆம் ஆண்டு டூ பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார். அவர் வழியில் வந்தவைதாம் நம் சிற்றூர்களின் டெண்டுக் கொட்டகைகள். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று, ஊருக்கு வெளியே தென்னங்கீற்று வேய்ந்து அவற்றை நடத்துவார்கள்.

கொட்டகைக்குச் சுவர் கிடையாது, அல்லது அரைச் சுவர்தான். ஆகவே பகற்காட்சி இல்லை. இருட்டு விழுந்தால்தான் படம். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், நாற்காலி டிக்கெட் என்று மூன்று வகை. தரையில் மணல் பரப்பியிருக்கும். மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தால், முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் சும்மா இருப்பாரா? அவர் காலால் மேட்டைக் கலைப்பார். பெண்களுக்குத் தனிப் பகுதி, நடுவே தட்டி. முறுக்கும் கடலையும் சுக்குக் காப்பியும் இருட்டிலேயே கைமாறும்.

பல கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜக்டர்தான். ஆயிரம் அடிப் படச்சுருள் ஒன்று ஓடி முடிய ஏறத்தாழ 11 நிமிடங்கள் ஆகும். பெரிய சுருளாகச் சேர்த்து ஓட்டினாலும், ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகள் வந்துவிடும். படக்கருவிக்குள் இரண்டு கார்பன் குச்சிகளின் நடுவே மின்சாரம் பாய்ந்து கண்ணைப் பறிக்கும் ஒளி உண்டாகும். குச்சிகள் எரிந்து தேயத் தேய, ஆபரேட்டர் அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சற்று அயர்ந்தால் திரை மங்கும். கொட்டகை முழுவதும் கூச்சலிடும்.

எங்கள் கொட்டகைக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. சந்தை நாளில் கொல்லிமலையிலிருந்து மிளகும் பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் சுமந்து மக்கள் இறங்கி வருவார்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் பேருந்துகள் ஏறி இறங்குகின்றன. அன்றும் பேருந்து உண்டு என்றாலும், கடைசி வண்டியைத் தவற விட்டவர்களும் ஒற்றையடிப் பாதையில் நடந்தே பழகியவர்களும் பலர். இருட்டியபின் மலையேற முடியாது. எனவே இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு அங்கேயே மணலில் துண்டை விரித்துப் படுத்து, விடியலில் புறப்படுவார்கள். கொட்டகைக்காரர் அவர்களை எழுப்பி விரட்டியதில்லை. மலைவாசிகளும் நெசவாளர்களும், நம்மவர்களும் பிறரும், ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே வானத்தைத் திரையில் பார்த்த இடம் அது.

அந்த இரவும் அப்படித்தான். திரையில் பறக்கும் தட்டு இறங்கியபோது கொட்டகை அடங்கிவிட்டது. தட்டின் இரைச்சலோடு வெளியே ஜெனரேட்டரின் இரைச்சலும் கலந்து, உண்மையாகவே ஏதோ பின்னால் வந்து இறங்குவதுபோல் இருந்தது. நான் அத்தாவின் கையைப் பற்றிக்கொண்டேன். படம் முடிந்து வெளியே வந்தபோது, மலையிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லிமலை முகட்டுக்கு மேலே வானத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். விண்மீன்கள் அன்றுதான் முதன்முதலாகப் போய்ச் சேரக்கூடிய ஊர்களைப்போல் எனக்குத் தோன்றின.

நன்னாவின் மூன்று கேள்விகள்

இவ்வளவு எளிதாகவா நான் கொட்டகைக்குப் போனேன்? இல்லை. அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடந்தது.

நன்னா, அதாவது அம்மாவின் தந்தையார், எங்கள் வீட்டோடு இருந்தார். மார்க்கக் கல்வி பெற்றவர், கண்டிப்பானவர். முதல் ஆட்டம் மஃரிபு நேரத்தில் தொடங்கி இஷாவைத் தாண்டிப் போகும். "தொழுகை நேரத்தில் பிள்ளையை இருட்டில் உட்கார வைக்கவா பெற்றீர்கள்?" என்று அவர் கேட்டபோது அத்தாவிடம் மறுமொழி இல்லை. அத்தா மிளகு வணிகர், அதிகம் பேசாதவர். இரண்டு நாள் கழித்து, "மாமா, இஷா தொழுதுவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். வானத்தைப் பற்றிய படம். பிள்ளை வானத்தைப் பார்க்கட்டும்" என்றார். நன்னா உடனே இசையவில்லை. முடிவில் ஒரு நிபந்தனை விதித்தார்: மறுநாள் நான் அவர் எதிரே உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்ததும் விசாரணை தொடங்கியது. "சொல்லு அத்தா, நீ பார்த்ததில் நடந்தது எது? நடக்கக்கூடியது எது? நடக்கவே நடக்காதது எது?" என்று கேட்டார். பேரப்பிள்ளைகளை 'அத்தா' என்றே அன்போடு அழைப்பது அவர் வழக்கம்.

நான் திணறித் திணறிச் சொன்னேன். மனிதன் விண்வெளிக்குப் போனது நடந்தது. வேறு கோளில் மனிதர் இறங்குவது நடக்கலாம். அந்தக் கோளில் இருப்பவர்கள் நம்மைப்போலவே தமிழ் பேசுவது நடக்கவே நடக்காது! நன்னா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு. பின்பு, "படைத்தவனின் உலகங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல். தெரிந்ததைத் தேடித் தெரிந்துகொள்" என்றார்.

அடுப்படி வாயிலில் நின்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தம் வாழ்நாளில் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. நான் சொன்ன கதைதான் அவர் பார்த்த படம். எல்லாம் கேட்டு முடித்தபின் மெல்லக் கேட்டார்: "அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அவள் வீட்டில் இருந்தவர்கள் அத்தனை நாளும் என்ன பாடுபட்டிருப்பார்கள்?" நன்னாவிடமும் அதற்கு விடை இல்லை, என்னிடமும் இல்லை. பறக்கும் தட்டைப் பார்த்த எனக்கு அந்த வீடு கண்ணில் படவில்லை. பாராத அம்மாவுக்குப் பட்டது. விஞ்ஞானம் கேட்கும் கேள்விகள் மூன்று என்றால், மனிதம் கேட்கும் நான்காவது கேள்வி அதுதான் என்று இன்று எண்ணுகிறேன்.

அதன்பின் அந்த விசாரணை எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. 1986இல் வந்த 'விக்ரம்' படத்தை என் பெரியத்தா மகன் பார்த்துவிட்டு வந்து, 'அக்னிபுத்திரா' என்ற ஏவுகணையைக் கடத்துகிறார்கள் என்று கதை சொல்லியிருந்தார். அந்த ஏவுகணையை 'நடக்கக்கூடியது' என்ற பட்டியலில் நன்னா வைத்திருந்தார். 1989 மே 22 அன்று 'அக்னி' ஏவுகணை உண்மையாகவே விண்ணில் பாய்ந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இதை முதல் பட்டியலுக்கு மாற்றிக்கொள்" என்றார் நன்னா. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ராமேஸ்வரத்து ஜைனுலாபுதீன் மரைக்காயரின் மகன் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் என்று அறிந்தபோது அவர் முகத்தில் தோன்றிய ஒளியை நான் மறக்கவில்லை.

இருட்டறையிலிருந்து வந்த ஒளி

பின்னாளில் படிக்கப் படிக்க, கொட்டகையின் இருட்டுக்கும் நம் முன்னோருக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. பஸ்ராவில் கி.பி. 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஒளியைப் பற்றி 'கிதாபுல் மனாழிர்' என்ற பெருநூலை எழுதினார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்று பழைய அறிஞர் பலர் நம்பியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால்தான் பார்க்கிறோம் என்று அவர் நிறுவினார். இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டு, வெளியே விளக்குகளை வரிசையாக வைத்து, உள்ளே விழும் ஒளிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டும் மறைந்தது. இருட்டறை, சிறு துளை, சுவரில் விழும் ஒளி. நிழற்படக் கருவிக்கும் திரையரங்குக்கும் அடிப்படை இதுதான் அல்லவா?

அவருக்குப் பின், 1206ஆம் ஆண்டளவில் அல்-ஜஸரி என்ற பொறியாளர், தாமே இயங்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நேரம் காட்டும் யானை உருவக் கடிகாரம் அவற்றுள் ஒன்று. ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளிலோ, திருகியை முறுக்கினால் பறக்கும் கருங்காலிக் குதிரை வருகிறது. கற்பனையும் கைத்திறனும் நம் முன்னோரிடம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருந்தன.

இன்னொரு செய்தி. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் கதையை டிஸ்னி நிறுவனம் 1954இல் படமாக்கியது. அக்கப்பலின் தலைவர் காப்டன் நீமோவை வெள்ளைக்காரர் என்றே படம் பார்த்தோர் எண்ணினர். ஆனால் வெர்ன் 1875இல் எழுதி முடித்த மற்றொரு நாவலில், நீமோ ஓர் இந்திய இளவரசர் என்றும், மாவீரர் திப்பு சுல்தானின் உறவினர் என்றும் வெளிப்படுத்தினார். ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் போராடித் தோற்று, கடலுக்கடியில் வாழப் போனவர் அவர் என்பது கதை.

கற்பனையைத் தொடர்ந்து வந்த உண்மை

'கலை அரசி' வெளிவந்த அதே 1963ஆம் ஆண்டு, நவம்பர் 21 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து இந்திய மண்ணின் முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட் அது. கிராமத்துத் தேவாலயத்தை அலுவலகமாகக் கொண்டு பொறியாளர்கள் பணியாற்றினார்கள். ராக்கெட்டின் பாகங்களை ஒன்றிணைக்கும் பொறுப்பு இளைஞர் அப்துல் கலாமிடம் இருந்தது. ஏப்ரலில் அட்டையும் வண்ணமும் கொண்டு செய்த பறக்கும் தட்டைத் தமிழர்கள் கொட்டகையில் பார்த்தார்கள். நவம்பரில் ஒரு தமிழரின் கைபட்ட ராக்கெட் உண்மையான வானத்தில் ஏறியது!

அதே ஆண்டு பயிற்சிக்காக அமெரிக்கா சென்றிருந்த கலாம், வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ராக்கெட்டுகள் பறக்கும் ஒரு போர்க்களம். ஏவுபவர்கள் வெள்ளையர் அல்லர்; திப்புவின் வீரர்கள். இரும்புக் குழாயில் மருந்தடைத்த மைசூர் ராக்கெட்டுகள் 1799க்குப் பின் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, வில்லியம் காங்கிரீவ் செய்த ராக்கெட்டுகளுக்கு வழிகாட்டின. நாம் மறந்ததை அந்நிய நாட்டார் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு கிடைத்தது. நிலவின் மேட்டு நிலங்கள் அனார்த்தசைட் என்னும் பாறை வகையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. சந்திரயான் ஊர்திகளைத் தரையில் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் வேண்டுமே! இஸ்ரோவுக்குக் கைகொடுத்தது இந்தப் பாறையைப் பொடித்த மண்தான். நிலவுக்குப் போவதற்கு முன், நிலவு ஊர்தி எங்கள் மாவட்டத்து மண்ணில் நடை பழகியது என்று சொன்னால் மிகையன்று.

2023 ஆகஸ்டு 23 அன்று மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. மஃரிபு பாங்குக்குச் சற்று முன்னர், எங்கள் மதரஸா மாணவர்களை ஒன்றாக உட்கார வைத்து அதைப் பார்க்கச் செய்தேன். இறங்கி முடித்ததும் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஒரு சிறுவன் மட்டும், "உஸ்தாத், இது எந்தப் பட்டியல்?" என்று கேட்டான். நன்னாவின் மூன்று கேள்விகளை அவர்களுக்கும் நான் பழக்கியிருந்தேன். "முதல் பட்டியல்தான். எழுதிக்கொள்" என்றேன். பிறகு எல்லோரும் தொழுகைக்கு எழுந்தோம்.

கொட்டகைகள் மறைந்தபின்

அந்தக் கீற்றுக் கொட்டகை இன்று இல்லை. தொலைக்காட்சி வந்தது, வீடியோ கேசட் வந்தது, 1990களில் கேபிள் டிவி வந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பெருநகர அரங்குகளும் தப்பவில்லை. 1952இல் திறக்கப்பட்டு, ஆசியாவிலேயே பெரிய திரையரங்குகளுள் ஒன்று எனப் பெயர் பெற்ற மதுரை தங்கம் இடிக்கப்பட்டது. 1964இல் மூன்று திரைகளோடு எழுந்த சென்னை சஃபையர் வளாகம் 1994இல் மூடப்பட்டது. மாடர்ன் தியேட்டர்ஸின் படப்பிடிப்புத் தளங்களும் போய், முகப்பு வளைவு மட்டுமே எஞ்சியது.

கட்டடங்கள் போவதற்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. உலகில் எதுவும் நிலையன்று. ஆனால் அவற்றோடு இரண்டு பழக்கங்களும் போய்விட்டன. ஒன்று, தெரியாத மனிதர்களோடு தோள் உரச உட்கார்ந்து சேர்ந்து வியப்பது. மற்றொன்று, பார்த்ததை வீட்டுக்கு வந்து பெரியவர்களிடம் சொல்வது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரே மாலையில் நூறு பறக்கும் தட்டுகளைப் பார்க்கிறார்கள்; தனியே, போர்வைக்குள்ளே பார்க்கிறார்கள். எது படம், எது செய்தி, எது கணிப்பொறி செய்த பொய் என்று பிரித்தறிய அவர்களுக்குத் துணை இல்லை. பொய்யான காட்சியை உண்மையென்று நம்பிப் பகைமையைப் பரப்புகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது. அன்று மயிர் ஒட்டிய யானையைக் கண்டவர்களுக்கு அது வேடம் என்பதாவது தெரியும்.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கண்காணியுங்கள், தகாததைத் தடுத்துவிடுங்கள். தடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. தகுந்ததை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். மறுநாள் காலையில், நடந்தது எது, நடக்கக்கூடியது எது, நடக்கவே நடக்காதது எது என்று கேளுங்கள். அவர்கள் திணறட்டும், விடையைத் தேடிப் போகட்டும். அந்தத் தேடலில் யாரேனும் ஒருவர் இன்னொரு கலாமாக வளரக்கூடும், இன்ஷா அல்லாஹ்.

அம்மாவின் நான்காவது கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். கதையில் துன்பப்பட்டவர் யார், அவருக்காக வீட்டில் காத்திருந்தவர் யார் என்று கேளுங்கள். இந்த மாதமே, வாய்ப்புள்ள ஓர் இரவில், இஷாவுக்குப் பின் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை.